நாடீன் சொன்ன 'சரி'

நாடீன் "சரி" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்துதான் வெர்லின் புரூயிட்டுக்கு நிம்மதி போயிற்று.

வழக்கமாக அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை. அக்டோபர் பிறந்து, பெரிய ஏரியின் தண்ணீர் ஆறி, கோடை முழுக்க ஆழத்தில் கிடந்த கிராப்பி மீன்கள் கூட்டமாகக் கரையோரத்து ஓடைகளுக்குள் வர ஆரம்பித்தால், டென்னசியின் அந்த மேற்கு மூலையில் வீட்டுக்கு வீடு ஒரு சண்டை நடக்கும். புரூயிட் வீட்டிலும் நடக்கும். கூரை விளிம்பில் இலை அடைத்துக் கிடக்கிறது, அதை யார் எடுப்பது என்பாள். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி இருக்கிறது என்பாள். போன வருஷம் ஏரியிலிருந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியதை நடித்தே காட்டுவாள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், "அப்போ என்னையும் கூட்டிட்டுப் போ" என்பாள். வெர்லின் அதற்கும் பதில் வைத்திருப்பான். ஒரு வருஷம் குளிர் ஒத்துக்கொள்ளாது, ஒரு வருஷம் படகு ஒழுகுகிறது, ஒரு வருஷம் பெண்களுக்கு ஏரியில் ஒதுங்க இடம் கிடையாது. பொல்லாத குளிர்தான், அவளை மட்டும் பார்த்து அடிக்கும்.

இந்த வருஷம் அவன் ஒரு பிரசங்கமே தயாரித்திருந்தான். தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். பகலெல்லாம் நேரம் இருந்தது. கொட்டகையில் நிற்கிற படகுக்கு முன்னால் நின்று அந்தப் பிரசங்கத்தை நாலைந்து தடவை பேசிப் பார்த்தான். படகு எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தான்.

"வெள்ளிக்கிழமை ஏரிக்குப் போலாம்னு இருக்கேன், நாடீன்."

"சரி."

"ரெண்டு ராத்திரி அங்கயே தங்கிடுவேன். பன்றிக்கழுத்து ஓடைப் பக்கம்."

"சரி, போயிட்டு வா."

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தி ஒரு நொடிகூட நிற்கவில்லை. வெர்லின் நின்றான். தயாரித்து வைத்த பிரசங்கத்தில் ஒரு வரிக்குக்கூட வேலை இல்லாமல் போயிற்று. கூட்டிட்டுப் போ என்று அவள் கேட்கவே இல்லை. அதுதான் அவனை உறுத்தியது.

பன்றிக்கழுத்து என்று அவன் சொன்னது பொய். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த ஏரிக்கரையில் கிராப்பி பிடிக்கிற எவனும் எங்கே பிடித்தேன் என்று உண்மையைச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. மூல வியாதி இருக்கிறதா என்று கேட்டால்கூடச் சொல்வார்கள். எந்த ஓடை என்று மட்டும் கேட்கக் கூடாது. காரணம் இருக்கிறது. கிராப்பி வெட்டவெளித் தண்ணீரில் நிற்காது. அதற்கு அடியில் கிளையும் சுள்ளியுமாக ஒரு புதர் வேண்டும். ஆகவே குளிர்காலத்தில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஆளாளுக்கு மரத்தை வெட்டி, சிமெண்ட் கல்லைக் கட்டி ஏரிக்குள் அமுக்கிவிட்டு வருவார்கள். மேலே மிதவை கிடையாது, கொடி கிடையாது. கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்தி மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வதுதான். ஆள் செத்தால் இடமும் அவனோடு போயிற்று.

வெர்லினின் இடம் பாதிரி மூலையில் இருந்தது. எப்போதோ ஒரு பாதிரி அங்கே ஞானஸ்நானம் கொடுத்தாராம். இப்போது அதற்குப் பாதையும் இல்லை, பாதிரியும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் தனியாகப் போய், தேவதாரு மரங்களைக் கல்லோடு சேர்த்துத் தள்ளிவிட்டு வருவான். ஒரு தடவை மரத்தோடு சேர்ந்து அவனும் தண்ணீருக்குள் போய்விட்டான். நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வழியில் மழை என்றான். வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாடீன் ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

பொய் சொல்வதிலும் அவனுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சந்தேகம் வரும் என்பதால் தடவைக்கு ஒரு பெயர் சொல்வான். படகுத்துறையில் எந்தப் பெயரைச் சொல்கிறானோ அதையேதான் வீட்டிலும் சொல்வான். ஊருக்கு ஒரு பொய், பெண்டாட்டிக்கு ஒரு பொய் என்று வைத்துக்கொண்டால் என்றைக்காவது இரண்டும் சந்தித்துக்கொள்ளும் என்பது அவன் கணக்கு. துறையில் ஹாய்ட் தாக்ஸ்டன் என்று ஒருவன் இருந்தான். வீட்டில் கட்டில் இருக்கிறதோ இல்லையோ, படகு இறக்குகிற சரிவில்தான் எந்நேரமும் நிற்பான். எந்தப் படகு வந்தாலும் ஐஸ் பெட்டிக்குள் தலையை விடுவான். வெர்லினின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாவது என்று அவன் சபதம் போட்டிருந்தான். அவனை இத்தனை வருஷம் ஏய்த்ததுதான் தன் வாழ்க்கையில் செய்த ஒரே சாதனை என்று வெர்லின் நினைத்துக்கொண்டிருந்தான். அது உண்மையும்கூட.

சரி, கதைக்கு வருவோம். மறுநாள் காலையில் வெர்லின் பக்கத்து வீட்டு டெல்மரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். டெல்மர் வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தான்.

"ஒரு கேள்வியும் கேக்கலையா?"

"கேக்கல."

"சரின்னு சொல்லும்போது ஒன் மூஞ்சியப் பாத்தாளா, உருளக்கிழங்கப் பாத்தாளா?"

"உருளக்கிழங்க."

டெல்மர் வாருகோலைச் சுவரில் சாத்தினான். விஷயம் அவ்வளவு பெரிது. "என் பொண்டாட்டி ஒரு தடவ இப்படித்தான் சரின்னா. நானும் சந்தோஷமா மான் வேட்டைக்குப் போயிட்டேன். வந்து பாக்கறேன், ஹால்ல பியானோ நிக்குது."

"வாசிப்பாங்களா?"

"யாரு? அது மேல சாக்ஸ் காயப்போடுறா."

வெர்லின் வீட்டுக்குத் திரும்பி வந்து ஹாலை அளந்து பார்த்தான். ஜன்னல் ஓரத்தில் பியானோவுக்குத் தாராளமாக இடம் இருந்தது. அவனுக்கு வியர்த்துவிட்டது.

அன்று மத்தியானம் அவள் எலுமிச்சை கேக் சுட்டு வைத்தாள். பிறந்தநாள் இல்லை, பண்டிகை இல்லை. பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்து, சாப்பிடு என்றாள். குற்றம் செய்தவர்கள்தான் இப்படி இனிப்புக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இரண்டு துண்டு தின்றான். மூன்றாவது துண்டைத் தின்னும்போது, இவள் தன் அம்மாவை நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாளோ என்று தோன்றியது. அதோடு கேக் கசந்துவிட்டது.

அடுத்தது தொலைபேசி. அவள் தன் அக்கா இமோஜீனோடு பேசிக்கொண்டிருப்பாள், இவன் உள்ளே வந்தால் சட்டென்று, "அப்புறம், உன் முழங்கால் எப்படி இருக்கு?" என்பாள். ஒரே நாளில் இமோஜீனின் முழங்காலை நாலு தடவை விசாரித்தாள். அவ்வளவு விசாரிக்கிற அளவுக்கு அது பெரிய முழங்கால் இல்லை. அப்புறம் தொலைக்காட்சி. சமையல் நிகழ்ச்சி தவிர வேறு எதையும் பார்க்காதவள், ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்து வானிலை பார்த்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். ஏன் என்று கேட்டால், துணி காயப்போட வேண்டும் என்றாள். துணி உலர்த்துகிற இயந்திரம் வீட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் அவனுடைய மீன்பிடித் தொப்பியைக் காணோம். நிறம் போன பச்சைத் தொப்பி. வெளியே எறிந்தால் நாய்கூட எடுக்காது. அது இல்லாமல் அவன் ஏரிக்குப் போனதே இல்லை. கொட்டகை, வண்டி, கட்டிலுக்கு அடி எல்லாம் தேடியாயிற்று. நாடீனும் கூடவே தேடினாள். அவள் கூடவே தேடியது அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு சோதனை வைத்துப் பார்த்தான். இரவுச் சாப்பாட்டின்போது, சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, யோசித்துப் பார்த்ததில் இந்த வருஷம் போக வேண்டாம் என்று தோன்றுகிறது, வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்றான். சாதாரணப் பெண்டாட்டியாக இருந்தால் அந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"போகாம இருக்காத" என்றாள் நாடீன். "வருஷம் பூரா இதுக்குத்தான காத்துக்கிட்டு இருக்க? நானும் புதன்கிழமை இமோஜீன் வீட்டுக்குப் போறேன். ஆப்பிள் பழக்கூழ் கிண்டணும். சனிக்கிழமைதான் வருவேன்."

ஆக, விஷயம் அப்படிப் போகிறது. புதன் முதல் சனி வரை அவள் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் ஏரியில் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதான் இந்த வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது. பியானோவா, மாமியாரா, தரைவிரிப்பா, அல்லது படகையே விற்றுவிட ஆள் வரச் சொல்லியிருக்கிறாளா என்பதுதான் தெரியவில்லை. ஒரு கணம், சர்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அந்தக் கனத்த குரல்காரனின் ஞாபகமும் வந்தது. எழுந்து போய்க் கண்ணாடியில் தன் வயிற்றைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு வந்தான். மனசு மேலும் கெட்டது.

ஆனால் வெர்லின் புரூயிட் என்றால் சும்மாவா? ஹாய்ட் தாக்ஸ்டன் கண்ணிலேயே மண்ணைத் தூவியவன். திட்டம் தானாக உருவாயிற்று. வெள்ளிக்கிழமை போகிறேன் என்று சொன்னவன் வியாழக்கிழமையே போய்விடுவான். ஒரு நாள் முழுக்கப் பாதிரி மூலையில் மீன் பிடிப்பான். வெள்ளிக்கிழமை மத்தியானம், அவன் ஏரியில் இருக்கிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து கதவைத் திறப்பான். மீனும் கிடைக்கும், திருட்டும் அகப்படும். தன் மூளையை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

புதன்கிழமை நாடீன் கிளம்பினாள். ஆப்பிள் கூழ் கிண்டப் போகிறவளுக்கு எதற்கு ரப்பர் பூட்ஸ் என்று கேட்டான். இமோஜீன் வீட்டுத் தோட்டத்தில் சேறு என்றாள். அதையும் மனசில் குறித்துக்கொண்டான். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை விடியும்போது அவன் படகு தண்ணீரில் இருந்தது. நல்லவேளை, துறையில் ஹாய்ட்கூட இல்லை. ஏரி மேலே பனிமூட்டம் படுத்துக் கிடந்தது. யாரும் பின்னால் வரவில்லை என்றாலும் வழக்கத்தை விடக் கூடாதென்று, முதலில் பன்றிக்கழுத்துக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் தூண்டில் போடுகிற மாதிரி பாவனை பண்ணினான். பிறகு கன்றுக்குட்டித் தீவை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரு நாரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அதையும் நம்பாமல், அது பறந்து போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் பாதிரி மூலைக்குத் திருப்பினான்.

பெரிய மோட்டாரை நிறுத்திவிட்டு, சத்தம் போடாத சின்ன மோட்டாரில் முனையைத் தாண்டினான். தாண்டியதும் அந்த மோட்டாரையும் நிறுத்திவிட்டான்.

அவன் இடத்தில் ஒரு படகு நின்றது.

பக்கத்தில் எங்கேயும் இல்லை. அவன் தேவதாரு மரங்களுக்கு நேர் மேலே, நூல் பிடித்த மாதிரி நின்றது. தட்டையான, கூரை போட்ட மிதவைப் படகு. அதன் விளிம்பைச் சுற்றி நீளநீளமாகத் தூண்டில் கழிகள். இரண்டு தொப்பிகள் தெரிந்தன. எத்தனை குளிர்காலம், எத்தனை மரம், எத்தனை பொய். கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்த முடியாது. தண்ணீருக்கு மேலே பட்டா கிடையாது. புதரை யார் அமுக்கினாலும் முதலில் வந்து நிற்கிறவனுக்குத்தான் இடம். மற்றவன் தூண்டில் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். இந்த மரியாதையை ஹாய்ட்டுக்கு நடுத்துறையில் வைத்துப் போன வருஷம் பாடம் நடத்தியதே வெர்லின்தான். ஆகவே அவன் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தான்.

அப்போது பனி கொஞ்சம் விலகியது. அந்த இரண்டு தொப்பிகளில் ஒன்று, நிறம் போன பச்சைத் தொப்பி.

"லேட்டு, வெர்லின்" என்றாள் நாடீன், திரும்பிப் பார்க்காமலே. "வெளிச்சம் வரதுக்குள்ள வந்துடுவன்னு இமோஜீன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

பக்கத்தில் இமோஜீன் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன புருஷனின் படகு அது. மீன் கலைந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

"நீ இங்க என்ன பண்ற?" என்றான் வெர்லின்.

"ஆப்பிள் கூழ் கிண்டறேன்."

சொல்லிக்கொண்டே ஒரு கழியை மெல்ல உயர்த்தினாள். வெட்டி இழுக்கவில்லை. கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளங்கையை விட அகலமாக, வெள்ளியில் கறுப்புப் பொட்டுத் தெளித்த மீன் ஒன்று துள்ளிக்கொண்டு மேலே வந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து போட்டாள். பெட்டியை மூடச் சிரமப்பட்டதை வெர்லின் கவனித்தான்.

"யாரு சொன்னது?" என்றான். "டெல்மரா? ஹாய்ட் பின்னாடியே வந்து பாத்துட்டானா? யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், நாடீன்."

"நீதான் சொன்ன."

"நான் சொல்லல. செத்தாலும் சொல்லமாட்டேன். பாதிரி மூலைங்கற வார்த்தையே என் வாயில வந்தது கெடையாது."

"அதேதான்" என்றாள் அவள்.

வெர்லினுக்குப் புரியவில்லை. நாடீன் பொறுமையாக இரை வாளியிலிருந்து ஒரு பொடிமீனை எடுத்துத் தூண்டிலில் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"பன்றிக்கழுத்துன்ன. புகையிலைத்துறைன்ன. மூணு பாலம், செம்மண் கரை, கன்னுக்குட்டித் தீவுன்ன. மீனே கெடைக்காத அந்த மரமில்லுப் பள்ளத்தக்கூட ஒரு வருஷம் சொன்ன. ஒரு தடவ சொன்னத மறு தடவ சொல்லமாட்ட. இந்த ஏரில தண்ணி நிக்கற எடமெல்லாம் சொல்லி முடிச்சாச்சு, வெர்லின். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி நின்னுது. எங்கப்பா படகுத்துறை வெச்சிருந்தவரு. ஏரில எத்தன மூலைன்னு எனக்குத் தெரியாதா? நேத்தே இங்க வந்து கழியால துழாவி ஒன் மரத்தக் கண்டுபிடிச்சுட்டோம்."

வெர்லின் ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தான். எத்தனை கஷ்டப்பட்டுப் பார்த்துப் பார்த்துச் சொன்ன பொய்கள். எப்போதாவது ஒரு தடவை, கை தவறுகிற மாதிரி, உண்மையையும் நடுவில் கலந்து விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நான் வெள்ளிக்கிழமைன்னுதான சொன்னேன்?" என்று கேட்டான், வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"அதனாலதான் வியாழக்கிழமை இங்க இருக்கேன்."

இமோஜீனுக்கு இந்த முறை வாயைப் பொத்தியும் பயனில்லை.

"ஏன் இப்படிப் பண்ணின, நாடீன்?"

அவள் முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "கூட்டிட்டுப் போன்னு எத்தன வருஷம் கேட்டேன்? படகு ஒழுகுதுன்ன. ஒழுகற படகுலதான் நீ போயிட்டு வந்த. நான் சின்ன வயசுலேருந்து இந்தத் தண்ணிலதான் கெடந்தேன். கல்யாணம் ஆனப்புறம் மீன் கழுவ மட்டும்தான் கூப்பிட்ட."

வெர்லினுக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது. கோபத்துக்கு ஏதாவது நியாயம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தான், எதுவும் அகப்படவில்லை. தன் புதரை, தன் தேவதாரு மரங்களை, எட்டாத தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில், பக்கத்தில் வரலாமா என்று கேட்டான். அதைக் கேட்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

நாடீன் அக்காவைப் பார்த்தாள். இமோஜீன் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணிவிட்டு, இரை வைத்திருக்கிறானா என்று விசாரித்தாள். அவர்கள் வாளியில் பொடிமீன் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாளி நிறைய இருக்கிறது என்றான். அப்படியானால் வரட்டும் என்று தீர்ப்பாயிற்று.

தன் படகைக் கயிற்றில் கட்டிவிட்டு அந்த மிதவைப் படகில் ஏறினான். பின்பக்கம், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு கழி கொடுத்தார்கள். முதல் மீன் கடித்ததும் ஆத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தான். உதடு கிழிந்து மீன் போய்விட்டது. "நிதானமா இழு, வெர்லின்" என்றாள் நாடீன். அவன் இன்னொரு பொடிமீனை எடுத்துக் கோத்தான். வெயில் ஏறியது. சோளரொட்டிக்குள் வறுத்த பன்றிக்கறி வைத்து அவனுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவன் வியாழக்கிழமை வருவான் என்று பொட்டலம் வரைக்கும் தெரிந்திருந்தது. அதைத் தின்றுகொண்டு அவள் மீன் ஏற்றுவதைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் இந்தத் தண்ணீரில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தோம் என்று அவனுக்கு உறைத்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை அவன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. கரைக்குத் திரும்புகிற வழியில் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. இப்போது இந்த இடம் மூன்று பேருக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் சர்ச் பாட்டுக் கூட்டத்தில் இருக்கிறார்கள். துறையில் ஹாய்ட் இந்நேரம் நின்றுகொண்டிருப்பான். மெதுவாக நாடீனின் பக்கத்தில் போய் நின்று, யார் கேட்டாலும் பன்றிக்கழுத்து என்று சொல்லிவிடு என்றான்.

"எனக்குப் பொய் வராது" என்றாள்.

"ஒரே ஒரு பொய், நாடீன். சின்னதா."

"வராதுன்னா வராது. கேட்டா உள்ளதச் சொல்லுவேன். கேக்காம இருந்தாச் சொல்லமாட்டேன்."

ஹாய்ட் தாக்ஸ்டன் கேட்காமல் இருப்பதா? சரிவில் அவன் தன் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, கிளம்பத் தயாராக நின்றிருந்தான். இரண்டு படகுகள் சேர்ந்து வருவதைப் பார்த்ததுமே அவன் கழுத்து நீண்டது. ஐஸ் பெட்டியை இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சர்ச்சில் நிற்கிறவன் மாதிரி தொப்பியைக் கழற்றினான்.

"எங்க பிடிச்சீங்க?" குரலே மாறியிருந்தது. வெர்லினைக் கேட்டுப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். நேராக நாடீனைப் பார்த்துக் கேட்டான்.

"பன்றிக்கழுத்து" என்றான் வெர்லின் அவசரமாக.

"பன்றிக்கழுத்து இல்ல, ஹாய்ட்" என்றாள் நாடீன். "பாதிரி மூலை. உள்ள போனதும் எடதுபக்கம் ஒரு செத்த மரம் நிக்கும். அதையும் எதிர்க்கரை தகரக் கொட்டகையையும் ஒரே நேராப் புடிச்சு நில்லு. அடியில தேவதாரு மரமாப் போட்டு வெச்சிருக்கு. பொடிமீன் கோத்து, கொஞ்சம் ஆழமா விடு."

வெர்லின் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் முடிந்தது. நாளைக் காலையில் அந்த மூலையில் படகுக்கு மேல் படகாக நிற்கும். ஹாய்ட் நாடீனை உற்றுப் பார்த்தான். அப்புறம் வெளிறிப்போன வெர்லினைப் பார்த்தான். மறுபடியும் நாடீனைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வர, வெர்லினின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் படகில் ஏறினான்.

படகு பன்றிக்கழுத்துப் பக்கமும் போகவில்லை, பாதிரி மூலைப் பக்கமும் போகவில்லை. நேராக அணைக்கட்டுப் பக்கம், ஏரியின் மறுகோடிக்கு, சீறிக்கொண்டு போயிற்று. அது ஒரு புள்ளியாகி மறையும் வரைக்கும் வெர்லின் மூச்சு விடவில்லை.

"அவன் நம்பமாட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

நாடீன் பூட்ஸைக் கழற்றிச் சேற்றை உதறினாள்.

"நான் ஒன் பொண்டாட்டின்னு அவனுக்குத் தெரியும்ல."